மலைக்காட்டின் எண்ணும் எழுத்தும்

குறிஞ்சி நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் அந்நிலத்து விலங்குகளை வெறும் அலங்காரத்துக்காகப் பாட்டினுள் கொண்டுவந்தவர்கள் அல்லர். பொன்னிறப் பூக்கள் போர்த்து நிற்கும் வேங்கை மரத்தை வரிப்புலியென மயங்கிய யானையையும், வேங்கைப் பூப் பறிக்கச் சென்ற மகளிர் "புலி, புலி" என்று கூவும் வழக்கத்தையும் அவர்கள் பாடினார்கள். காட்டையும் அதன் உயிர்களையும் அருகிருந்து பார்த்தவர்களுக்கே இத்தகைய நுட்பங்கள் புலப்படும். அந்தப் பழமையின் எச்சமொன்று ஈழத்துத் தமிழில் இன்றும் வழங்குகின்றது. தமிழகத்தில் கடமான் என்றும் மிளா என்றும் சொல்லப்படும் பெரிய மானை இந்நாட்டுத் தமிழர் 'மரை' என்னும் பழஞ்சொல்லாலேயே அழைக்கின்றனர்.

ஆயினும், புலவனுக்கு எழாத கேள்வியொன்று இக்காலத்தவருக்கு எழுந்துள்ளது. ஒரு மலைக்காட்டில் ஊனுண்ணும் விலங்குகள் எத்தனை? அவற்றுக்கு இரையாகும் விலங்குகள் எத்தனை? சென்ற ஆண்டைவிட அவை கூடினவா, குறைந்தனவா? காடு எல்லையின்றிப் பரந்து கிடந்த காலத்தில் இக்கேள்விக்குத் தேவை இருக்கவில்லை. காடு துண்டு துண்டாகச் சுருங்கிவிட்ட இக்காலத்திலோ, இதற்கு விடை தெரியாமல் அவ்வுயிர்களைக் காப்பதற்கு வழியில்லை. எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கொண்டது தமிழ் மரபு. மலைக்காட்டை அறிவதற்கும் அவ்விரண்டுமே வேண்டியிருக்கின்றன.

இலங்கையின் மலைநாட்டைப் பொறுத்தவரையில், பெரிய ஊனுண்ணி ஒன்றே ஒன்றுதான். அது சிறுத்தை. தோட்டப்புறங்களில் இதனைப் 'புலி' என்றே சொல்வர். உண்மையான வரிப்புலி இத்தீவில் இல்லை, சிங்கமும் இல்லை. மிகப் பழைய காலத்தில் அவையிரண்டும் இங்கு வாழ்ந்தன என்பதைக் குருவிட்டைப் பகுதியிற் கிடைத்த கற்படிவங்கள் காட்டுகின்றன. அவை மறைந்தபின் சிறுத்தை தனியரசாகிவிட்டது. இந்தியக் காடுகளில் புலி நடமாடும் இடத்திற் சிறுத்தை ஒதுங்கி வாழும். இங்கு அது ஒதுங்கவேண்டிய வேறு விலங்கு எதுவுமில்லை. இத்தீவின் சிறுத்தையைத் தனியொரு துணையினமாக வகுத்து, அதற்குச் சிங்களப் பெயரான 'கொட்டியா' என்பதையே அறிவியற் பெயரின் பகுதியாகச் சூட்டியவர் கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல ஆவார்.

இச்சிறுத்தை வாழும் மலைக்காடு எத்தகையது? பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் மலைச்சரிவுகள் வெட்டித் துப்புரவாக்கப்பட்டன. தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையை ஏற்று, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தலாகாதென அரசாங்கம் 1873ஆம் ஆண்டில் விதித்தது. உச்சிகளிற் காடு தப்பியதற்கு அவ்விதியும் ஒரு காரணம். அவ்வாறு தப்பியவற்றுள் ஒன்று ஹோட்டன் சமவெளி. ஏழாயிரம் அடிக்கு மேல், புல்வெளியும் குறுமரக் காடும் மாறிமாறி அமைந்த 3,160 ஹெக்டேயர் நிலம் அது. 1969இல் ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டில் சிவனொளிபாதமலைக் காட்டுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இம்மலைகளில் விலங்குகளை எண்ணுவதற்கு முன் அவற்றைச் சுடுவதே வழக்கமாக இருந்தது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், வேட்டை நாய்களைக் கூட்டமாக ஏவி மரைகளைத் துரத்தி வேட்டையாடியதைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டார். பிற்காலத்தில் அதே மலைநாட்டுத் தோட்டத்துரைமாருள் ஒருவரான டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ், இலங்கையின் பாலூட்டிகளைப் பற்றிய கையேடொன்றை 1935இல் வெளியிட்டார். துப்பாக்கி பிடித்த கைகளின் நடுவே எழுதுகோல் பிடித்த கையும் தோன்றியது நல்லூழே.

இனி, காட்டின் எழுத்தைப் பார்ப்போம். சிறுத்தையைத் தேடிக் காட்டினுட் செல்பவர் சிறுத்தையைக் காண்பது அரிது. அது இருளில் நடமாடுவது. பகலில் அடர்ந்த புதரிலோ பாறையிடுக்கிலோ படுத்திருப்பது. மனிதனுடைய காலடியோசை அதற்கு எட்டிய பின்னரே அதன் இருப்பிடத்தை மனிதன் அணுகுவான். ஆகவே ஆராய்ச்சியாளர் சிறுத்தையைப் பார்ப்பதற்குப் பதிலாக, அது விட்டுச்சென்ற அடையாளங்களைப் படிக்கின்றனர்.

முதலாவது அடையாளம் அடிச்சுவடு. ஈர மண்ணிற் பதிந்த சிறுத்தையின் சுவட்டில் நான்கு விரல்களும், பின்புறம் மூன்று மடிப்புக்கொண்ட ஒரு மெத்தையும் தெரியும். நகம் தெரியாது, நடக்கும்போது அது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாயின் சுவட்டிலோ நகத்தின் நுனி பதிந்திருக்கும். இரண்டாவது அடையாளம் கீறல். மரப்பட்டையிற் கிழித்த கோடுகளும், பாதையோரத்திற் பின்னங்காலாற் பறித்த பள்ளங்களும், தெளித்த சிறுநீரின் நாற்றமும் "இவ்விடம் எனது" என்று பிற சிறுத்தைகளுக்கு அறிவிக்கும் எல்லைக் கற்கள் ஆகும். ஓர் ஆண் சிறுத்தையின் எல்லைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பெண் சிறுத்தைகளின் எல்லைகள் அடங்கியிருத்தல் உண்டு.

மூன்றாவது அடையாளம் கேட்பதற்கு அருவருப்பானது; ஆயினும் அறிவதற்கு அரியது. அது சிறுத்தையின் எச்சம். இரையின் தசை செரித்துப்போகும். மயிரும் குளம்பும் பல்லும் செரிப்பதில்லை. ஆராய்ச்சியாளர் எச்சத்தை உலர்த்தி, நீரிற் கழுவி, அதிலுள்ள மயிர்களைப் பிரித்தெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கின்றனர். மயிரின் மேற்செதிலும் உள்ளீடும் இனத்துக்கு இனம் வேறுபடும். மரையின் மயிர், காட்டுப்பன்றியின் மயிர், குரங்கின் மயிர், முயலின் மயிர் ஆகியவற்றை முன்னரே சேகரித்து வைத்த மாதிரிகளோடு ஒப்பிட்டு, அச்சிறுத்தை எதனை உண்டது எனக் கூறிவிடலாம். மரை நிறைந்த இடத்தில் மரையே முதன்மையான உணவாகின்றது. அது அரிதான இடத்திற் சிறுத்தை சருகுமானையும் முள்ளம்பன்றியையும் குரங்கையும் முயலையும் நாடுகின்றது.

எழுத்தைப் படித்தாயிற்று, எண்ணுக்கு வருவோம். அடிச்சுவடுகளை மட்டும் கொண்டு எண்ணிவிடலாகாதா என்று நேயர்கள் கேட்டல் கூடும். அண்டை நாடான இந்தியாவில் நெடுங்காலம் அவ்வாறே புலிகள் எண்ணப்பட்டன. சுவட்டின் வடிவத்தைக் கண்ணாடியில் வரைந்து, இன்ன சுவடு இன்ன புலியினுடையது எனக் காவலர் பிரித்தறிந்தனர். மண்ணின் ஈரமும் சரிவும் நடையின் வேகமும் ஒரே விலங்கின் சுவட்டைப் பல வடிவங்களிற் காட்டும். ஒன்று பலவாக எண்ணப்படுதல் எளிது. இதன் விளைவு இராஜஸ்தான் மாநிலத்தில், ஆரவல்லி மலைத்தொடரிலுள்ள சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் வெளிப்பட்டது. அங்கே புலிகள் உள்ளன என்று பதிவேடுகள் கூறிக்கொண்டிருக்க, காட்டில் ஒரு புலியேனும் எஞ்சவில்லை என்பது 2005ஆம் ஆண்டிலே தெரியவந்தது. கள்ள வேட்டைக்காரர் புலிகளைக் கொன்று முடித்த காலமெல்லாம் பதிவேடு அதனைச் சொல்லவில்லை. பிழையான எண், எண்ணே இல்லாமையைவிடக் கொடியது. எண் இல்லாதவன் ஐயுற்றுத் தேடுவான். பிழையான எண்ணைக் கையில் வைத்திருப்பவனோ தேடாமல் உறங்கிவிடுவான்.

இக்குறையை நீக்க வந்ததே தானியங்கிப் புகைப்படக் கருவி. இதன் முன்னோடி பழமையானது. வட இந்தியாவில் வன அதிகாரியாயிருந்த எவ். டபிள்யூ. சாம்பியன், காட்டுப் பாதையின் குறுக்கே மெல்லிய கம்பியொன்றைக் கட்டி, விலங்கின் கால் அதில் இடறியதும் ஒளி பாய்ந்து படம் பதியுமாறு செய்தார். அப்படங்கள் அடங்கிய அவரது நூல் 1927இல் வெளிவந்தது. இன்றைய கருவிக்குக் கம்பி வேண்டியதில்லை. முன்னால் நகரும் உடலின் வெப்பத்தை உணர்ந்து அது தானே படமெடுக்கும். கர்நாடகத்து நாகரஹொளெ காட்டிற் புலிகளை இம்முறையால் எண்ணிக் காட்டியவர் விஞ்ஞானி உல்லாஸ் கரந்த். 1990களில் அவர் வகுத்த வழியே பின்னர் பல நாடுகளிலும் பரவியது.

இரு சிறுத்தைகளின் புள்ளிகள் ஒருபோதும் ஒன்றாயிருப்பதில்லை. மனிதனுக்குக் கைவிரல் ரேகை எவ்வாறோ, சிறுத்தைக்கு உடலிலுள்ள பூப்போன்ற புள்ளிக்கூட்டம் அவ்வாறு. வலப்புறப் புள்ளியும் இடப்புறப் புள்ளியும் வேறாகையால், பாதையின் இருமருங்கிலும் எதிரெதிரே இரு கருவிகளைப் பொருத்துகின்றனர். உடல் முழுவதும் கறுத்த சிறுத்தையிலுங்கூடப் புள்ளிகள் உண்டு. அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் அவை தெளிவாகத் தோன்றும்.

கருவிக்கு அகப்பட்டவற்றை எண்ணலாம். அகப்படாதவற்றை எண்ணுவது எவ்வாறு? ஒரு குளத்தை எண்ணிப் பார்க்க. அதில் 20 மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு, மீண்டும் நீரில் விட்டுவிட்டதாகக் கொள்வோம். மறுநாள் மீண்டும் 20 மீன்கள் பிடிபடுகின்றன. அவற்றுள் 5 மீன்களில் முன்னைய அடையாளம் இருக்கின்றது. பிடிபட்டவற்றில் நாலிலொரு பங்கு அடையாளமிட்டவை. ஆகவே குளத்திலுள்ள மீன்களிலும் ஏறத்தாழ நாலிலொரு பங்கே அடையாளமிட்ட அந்த இருபது மீன்களும். மொத்தத் தொகை 80 என ஊகிக்கலாம். சிறுத்தைக்குப் புள்ளியே அடையாளம், படம்பிடித்தலே வலைவீசுதல். இக்கணக்குப் பொருந்துவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எண்ணுங்காலத்தில் விலங்குகள் பிறந்தும் இறந்தும் இடம்பெயர்ந்தும் தொகை மாறிவிடலாகாது. ஆதலால் சில வாரங்களுக்குள் பணியை முடித்துக்கொள்கின்றனர்.

ஊனுண்ணியை மட்டும் எண்ணினால் கணக்கு அரைகுறையே. ஒரு புலி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 பெரிய விலங்குகளைக் கொல்லும் எனவும், தொகை குன்றாமல் அவ்வைம்பதை ஈந்துகொண்டிருக்கச் சுமார் 500 இரைவிலங்குகள் வேண்டும் எனவும் அறிஞர் கணக்கிட்டுள்ளனர். வட்டியை மட்டும் எடுத்து முதலைக் காப்பது போன்றது இது. சிறுத்தை உருவிற் சிறியது. அதற்குத் தேவை குறைவு. ஆனால் விதி ஒன்றே. இரை குறைந்தால், சுடாமலே சிறுத்தை குறையும். சிறுத்தை குறைந்தால், மரையும் பன்றியும் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்து காட்டின் நாளைய தலைமுறையை அழிக்கும்.

இரைவிலங்குகளை எண்ணுவதற்கும் முறைகள் உண்டு. திறந்த காட்டில் நேர்கோட்டுப் பாதைகளை வகுத்து, விடியற்காலையில் நடந்து, கண்ணிற்பட்ட விலங்குகளையும் அவை நின்ற தூரத்தையும் குறித்துக்கொள்வர். அருகில் நிற்பது தப்பாது தெரியும். தூரத்தில் நிற்பது தப்பும். எவ்வளவு தப்பியிருக்கும் என்பதை அத்தூரங்களே காட்டிக்கொடுக்கும். செங்குத்தான சரிவும் மூங்கிற்புதரும் மூடுபனியும் நிறைந்த மலைக்காட்டில் இம்முறை எளிதன்று. அங்கே மரையின் புழுக்கைக் குவியல்களைக் குறித்த பரப்பிற்குள் எண்ணித் தொகையை ஊகிக்கின்றனர். ஹோட்டன் சமவெளியில் மாலை மங்கும்போது மரைகள் காட்டைவிட்டுப் புல்வெளிக்கு வருவதால் நேரே எண்ணவும் இயலுகின்றது. ஊதாமுக மந்தி மரவுச்சியிலிருந்து திடீரெனக் குரலெழுப்பினாலோ, மரை உரத்துக் கனைத்தாலோ, சிறுத்தை அருகில் உள்ளதென அனுபவமுள்ள காவலர் அறிந்துகொள்வர்.

இத்தனை உழைப்பினால் அறிந்தது என்ன? யால முதலிய தாழ்நிலக் காடுகளிலும் மலைநாட்டிலும் 2000ஆம் ஆண்டுக்குப்பின் நெடுங்கால ஆய்வுகளை நடத்திவருபவர்களுள் அஞ்சலி வாட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். மலைநாட்டுச் சிறுத்தை தேசிய பூங்காவின் எல்லைக்குள் அடங்கி வாழ்வதன்று என்பது இவ்வாய்வுகளிலிருந்து தெளிவாகின்றது. தேயிலைத் தோட்டங்களுக்கிடையே எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளிலும், ஓடைக்கரைப் பற்றைகளிலும், மலைமுகட்டு மரச்செறிவுகளிலும் அது வாழ்கின்றது, குட்டியும் ஈனுகின்றது. பகலிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் நடந்த அதே பாதையில் இரவிற் சிறுத்தை நடக்கின்றது. இந்நாட்டு முதிர்ந்த சிறுத்தைகளின் தொகை ஆயிரத்துக்கும் குறைவென மதிக்கப்படுகின்றது. அத்தொகையிலே, காவலுள்ள பூங்காவுக்கு வெளியே, மனிதருக்குப் பக்கத்தில் வாழ்பவை ஒரு கணிசமான பங்கு என்பதை மறத்தலாகாது.

இவற்றை இன்று கொல்லும் ஆயுதம் துப்பாக்கியன்று. சில முழக் கம்பி. லயத்தை அடுத்த சிறு நிலத்திற் காய்கறி பயிரிடும் தொழிலாளி, காட்டுப்பன்றி ஓரிரவிற் கிழங்கையெல்லாம் கிளறிவிட்டுப் போவதைக் கண்டு, வேலியோரத்திற் கம்பிக் கண்ணி கட்டுகின்றான். இறைச்சிக்காகக் கட்டுபவரும் உளர். பன்றிக்கு வைத்த கண்ணி பன்றியை மட்டும் பிடிக்கும் அறிவுடையதன்று. வேலியோரப் பாதை சிறுத்தைக்கும் பாதை. 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சிவனொளிபாதமலைச் சாரலில், வனஜீவராசிகள் திணைக்களத்தாரின் தானியங்கிக் கருவி ஒரு கருஞ்சிறுத்தையைப் பதிவுசெய்து அறிஞரை மகிழ்வித்தது. சில மாதங்கள் கழிந்து, 2020 மே மாதம் 26ஆந் திகதி, அச்சாரலிலுள்ள நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியிற் சிக்கியது. கழுத்தைக் கம்பி அறுத்திருந்தது. உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தும் பயனின்றி, 29ஆந் திகதி அது இறந்தது. சாம்பியன் காட்டுப் பாதையிற் கட்டியதும் கம்பியே. இங்கே கட்டப்பட்டதும் கம்பியே. ஒன்று விலங்கின் படத்தை எடுத்தது. மற்றது அதன் உயிரை எடுத்தது.

கண்ணி கட்டியவனைக் குற்றவாளி எனச் சொல்லி முடித்துவிடுதல் எளிது. சட்டமும் அவ்வாறே சொல்கின்றது. ஆனால் சொற்பக் கூலியில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அக்காய்கறிப் பாத்தி எவ்வளவு வேண்டியது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேயிலை நிரையினுட் குனிந்து கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் சிறுத்தை ஓர் ஆராய்ச்சிப் பொருளன்று, அஞ்சத்தக்க விலங்கு. குட்டியோடு பற்றையிற் கிடந்த தாய்ச்சிறுத்தை எதிர்பாராது நெருங்கியவரைத் தாக்கிக் காயப்படுத்திய நிகழ்ச்சிகள் மலைநாட்டுக்குப் புதியன அல்ல. அப்பெண்ணின் அச்சத்தை ஏளனம் செய்யும் பாதுகாப்பு நெடுநாள் நிலைக்காது.

ஆராய்ச்சியின் பயன் இவ்விடத்திலேதான் தெரிகின்றது. எப்பற்றையிற் சிறுத்தை குட்டி ஈன்றுள்ளது, எவ்வோடை வழியாக எந்நேரத்தில் அது கடக்கின்றது என்பது தெரிந்தால், அந்நிரையிற் சில வாரங்கள் கொழுந்து பறிக்காது விடலாம். அல்லது பலர் கூடி ஓசையெழுப்பிக்கொண்டு போகலாம். எவ்வேலியிற் கண்ணி மிகுதி என்பது தெரிந்தால் காவலர் அவற்றைத் தேடி அகற்றலாம். அவ்விடத்தில் பன்றி நுழையாத வேலியமைக்க அத்தொழிலாளிக்கு உதவலாம். ஓடைக்கரை மரங்களை வெட்டாது விடுவதாற் சிறுத்தைக்கு மறைவான வழி கிடைக்கும். தொழிலாளருக்கும் அதன் எதிர்ப்பாடு குறையும். கண்ணியிற் சிக்கிய விலங்கைச் சுற்றிக் கூட்டங்கூடாமல் அதிகாரிகளுக்கு உடனே அறிவித்தால், விலங்கும் பிழைக்கலாம், மனிதரும் காயமுறார்.

இவையெல்லாம் ஒருமுறை எண்ணியதால் முடிந்துவிடும் காரியங்கள் அல்ல. தோட்டத்தில் நாள்தோறும் விடிகாலையிற் பெரட்டுக்களத்தில் நின்று, வந்தவர் யார், வராதவர் யார் எனப் பார்த்துக் குறித்தவர் கங்காணி. கண்காணி என்ற சொல்லே கங்காணி என மருவியது. மலைக்காட்டுக்கும் அத்தகைய கண்காணிப்பே வேண்டும். ஆண்டுதோறும், அதே இடத்தில், அதே முறையில் எண்ணிவந்தாலன்றி, சென்ற ஆண்டு வந்து இந்த ஆண்டு வராத சிறுத்தை எது என்பதை எவரும் அறியார். ஒரு தனி எண் செய்தி மாத்திரமே. ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்துவரும் எண்களே அறிவு.

2021ஆம் ஆண்டு முதல் ஓகஸ்ட் முதலாந் திகதி இந்நாட்டிற் சிறுத்தை தினமாகக் கொள்ளப்படுகின்றது. மலைநாட்டுப் பாடசாலை மாணவர் அன்றைய தினத்திற் சித்திரம் வரைவதோடு அமையாது, தத்தம் தோட்டத்து ஓடைக்கரையிற் காணும் சுவடுகளைப் பெரியோர் துணையுடன் குறித்துவைக்கப் பழகலாம். மகாவலியும் களனியும் வளவையும் ஹோட்டன் சமவெளியை அடுத்த உச்சிகளிலே ஊற்றெடுக்கின்றன. அவற்றுள் மகாவலி, மலைநாட்டைக் கண்டிராத பல்லாயிரம் மக்களின் வயல்களுக்கு நீரூட்டித் திருக்கோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. அந்நீரைப் பிடித்துவைத்திருக்கும் காட்டின் நாளைய மரங்களை மேய்ச்சலுக்குப் பறிகொடாது காத்துவருவது, கண்ணுக்குத் தெரியாமல் இரவில் நடமாடும் அவ்விலங்கு. இவ்வாண்டு அது எத்தனை உள்ளது என்று கேட்கும் உரிமை, அந்நீரைக் குடிக்கும் எல்லோருக்கும் உண்டு.